வலது கால் பழக்கம், இடது பக்க இடம்: மால்டினியிடமிருந்து பின்களப் பையன்கள் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

இடதுகோடு:

வணக்கம் நண்பர்களே. சிறுவர் கால்பந்து அணிகளில் லெஃப்ட் பேக் (பின்வரிசையின் இடது ஓரம்) இடத்துக்கு ஆள் பிடிப்பது எப்போதும் பெரும்பாடு. இடது கால் பழக்கம் உள்ள பையன் ஒருவன் கிடைத்தால் அவனை முன்வரிசைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் வலது கால் பையன் ஒருவனைத்தான் அந்த மூலையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. உடனே எல்லோரும் சொல்லும் பெயர் இத்தாலியின் ஏசி மிலான் பின்கள வீரர் பாலோ மால்டினி. "அவரும் வலது கால்தானே, சமாளிக்கவில்லையா" என்பார்கள். எப்படிச் சமாளித்தார் என்று கேட்டால் பதில் வராது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வலது கால்காரர் இடது பக்கம் ஆடும்போது உண்மையில் எங்கே இழப்பு, எங்கே லாபம்? அவர் பிற்காலத்தில் சென்டர் பேக் (நடுப் பின்கள வீரர்) ஆனபோது ஆட்டத்தில் என்னென்ன மாறியது? 1985 முதல் 2009 வரை ஒரே கிளப்பில் முதல் அணியில் நிற்க உடம்பு எப்படித் தாங்கியது? "பிறவி மேதை" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 16, 17 வயதுப் பையனுக்குக் களத்தில் நின்று காட்டிச் சொல்லித்தரக்கூடிய பதில் வேண்டும்.

கடைசிக்கோடு:

நல்ல கேள்வி. முதல் பகுதிக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மால்டினி முதல் அணியில் இறங்கியது 1985 ஜனவரி 20, உதினேசே அணிக்கு எதிராக. வயது 16. பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம், இடைவேளைக்குப் பிறகு பத்திஸ்தினிக்குப் பதிலாக இறக்கினார். தொடக்கத்தில் அவர் ரைட் பேக். அந்தப் பக்கம் மௌரோ டசோட்டி இருந்ததால் இடது பக்கம் போனார். ஆக, இடது பக்கம் அவருக்குக் கற்றுக்கொண்ட இடம். உங்கள் பையனுக்கு இதைச் சொன்னாலே பாதி பயம் போகும்.

இப்போது கால் கணக்கு. லெஃப்ட் பேக் எதிரணியைப் பார்த்து நிற்கிறான். பக்கக்கோடு அவனுக்கு இடது கைப் பக்கம். எதிரே வருவது எதிரணியின் ரைட் விங்கர் (வலது ஓரத் தாக்குதல் வீரன்). இதில் மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பாருங்கள்.

விங்கர் உள்பக்கம் வெட்டினால் பந்து பின்கள வீரனின் வலது காலுக்கு வருகிறது. இங்கே வலது கால்காரனுக்கு முழு லாபம். இடது காலால் ஆடும் விங்கரை வலது பக்கம் நிறுத்தி உள்ளே வெட்டி ஷாட் அடிக்கவைப்பது இன்று வழக்கமாகிவிட்டதால், இந்த லாபம் முன்பைவிடப் பெரிது.

விங்கர் கோட்டோரமாகத் தாண்டி ஓட, பின்கள வீரன் திரும்பித் தன் கோலை நோக்கித் துரத்தினால் பக்கக்கோடு இப்போது வலது கைப் பக்கம் வந்துவிடுகிறது. விங்கருக்கு அருகில் இருப்பது வலது கால். பலர் இதைக் கவனிப்பதில்லை. துரத்தி ஓடும் வேளையிலும் வலது கால்காரனுக்கு இழப்பு இல்லை.

இழப்பு மூன்றாவதில். விங்கர் வேகத்தைக் குறைத்து, நின்று, கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து) போடத் தயாராகிறான். பின்கள வீரன் பக்கக்கோட்டைப் பார்த்தபடி அவன் எதிரே நிற்கிறான். பந்து கோல் பக்கம் பறக்கும். அந்தப் பாதை இவனுக்கு இடது புறம். மறிக்க நீள வேண்டியது இடது கால். வலது கால்காரன் பழக்கதோஷத்தில் வலது காலை நீட்டுவான். உடம்பு முறுக்கிக்கொள்ளும், பந்து இடது முழங்கால் பக்கமாகப் போய்விடும். ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று கிராஸ் இப்படிப் போனால் ஒன்று கோல்.

இதற்கான பயிற்சி எளிது. கோட்டோரம் ஒருவனை நிற்கவைத்து, அவன் நின்ற இடத்திலிருந்து கிராஸ் போடட்டும். பின்கள வீரன் இரண்டு மீட்டர் தள்ளி, பாதி குனிந்த நிலையில். கிராஸ் போடுகிறவனின் கால் பின்னால் போகும் நொடியில் இவன் இடது காலை எட்டு வைத்து நீட்ட வேண்டும். முதுகைத் திருப்பக் கூடாது, குதிக்கக் கூடாது, கைகள் முதுகுக்குப் பின்னால் அல்லது உடம்போடு ஒட்டி. பத்துப் பந்து, ஓய்வு, மறுபடி பத்து. திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டுகிற பையன்தான் அதிகம் ஏமாறுவான். கிராஸ் போடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு விங்கர் உள்ளே புகுந்துவிடுவான்.

பந்தோடு ஆடும்போது இன்னொரு இழப்பு இருக்கிறது. சென்டர் பேக்கிடமிருந்து பந்து வலது புறமிருந்து வருகிறது. வலது காலால் நிறுத்தினால் உடம்பு உள்பக்கம் பூட்டிக்கொள்கிறது. எதிரணி அதைப் பார்த்ததும் உள்ளே பாயும். தூரத்துக் காலால், அதாவது இடது காலால், பந்தைத் தன் உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு வாங்கினால் முழுக் களமும் கண்முன் திறக்கும். தினமும் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். இடது காலால் வாங்கி, அடுத்த தொடுதலில் இடது காலாலேயே கோட்டோரமாக 20 மீட்டர் பாஸ். இலக்காக இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். மூன்றாவது தொடுதல் எடுத்தால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. இரண்டு மூன்று வாரம் போனதும் ஆறு மீட்டர் தள்ளி ஒருவனை நிறுத்தி, பாஸ் புறப்பட்டதும் அவனைப் பாயவிடுங்கள். அதுவரை நன்றாகச் செய்த பையனும் இங்கே தடுமாறுவான். தடுமாறட்டும், அங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

மால்டினியைப் பழைய ஆட்டப் பதிவுகளில் பார்த்தால் எந்தக் கால் அவருக்கு இயல்பு என்று சொல்வதே கடினம். இரண்டு காலாலும் டேக்கிள், இரண்டு காலாலும் கிராஸ். உங்கள் பையனுக்கு அந்த அளவு வர வேண்டியதில்லை. இடது காலால் மறிப்பு, இடது காலால் வாங்கல், இடது காலால் நேர்ப் பாஸ். இந்த மூன்றும் வந்தால் அவன் லெஃப்ட் பேக்தான்.

சான்சீரோ88:

கடைசிக்கோடு அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். தனியாள் நுட்பம் பாதிதான். மால்டினி எப்படி வளர்ந்தார்னு கேட்டா, 1987ல் அரிகோ சாக்கி பயிற்சியாளரா மிலானுக்கு வந்ததிலிருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் இத்தாலியில பொதுவழக்கம் என்ன? ஒவ்வொரு பின்கள வீரனுக்கும் ஒரு எதிராளி, பின்னால காவலுக்கு ஒரு லிபெரோ. சாக்கி அதை மாத்தி 4-4-2 (பின்களத்தில் நாலு, நடுவில் நாலு, முன்னால ரெண்டு) வச்சார். நாலு பேரும் ஒரே கோடு, ஆளுக்குப் பதிலா இடத்தைக் காப்பது. பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவுல 25, 30 மீட்டருக்கு மேல இடைவெளி விழக்கூடாது.

எங்க நிக்கணும்னு முடிவு பண்ண அவர் நாலு அடையாளம் சொல்லிக்கொடுத்தார்: பந்து, இடம், எதிராளி, சக ஆட்டக்காரன். நாலும் சேர்ந்து பார்க்கணும். சின்னப் பசங்க எதிராளியை மட்டும் பார்ப்பாங்க. அதான் சிக்கலே.

சாக்கி செஞ்சு காட்டின ஒரு பயிற்சி இன்னிக்கும் அப்படியே எடுத்துக்கலாம். ஒரு பக்கம் அஞ்சே பேர்: கோல்கீப்பர் ஜோவன்னி கல்லி, டசோட்டி, மால்டினி, கோஸ்டகுர்தா, பரேசி. எதிர்ப்பக்கம் பத்துப் பேர், அதுல குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் எல்லாரும் உண்டு. பத்துப் பேருக்கும் 15 நிமிஷம் நேரம், கோல் அடிக்கணும். ஒரே நிபந்தனை, அஞ்சு பேர் பந்தைப் பறிச்சிட்டா பத்துப் பேரும் தங்களோட பாதிக்குள்ள பத்து மீட்டர் பின்னால போய் மறுபடி ஆரம்பிக்கணும். கோல் விழவே இல்லை. ஒழுங்கா நிக்கிற அஞ்சு பேர், ஒழுங்கில்லாத பத்துப் பேரைத் தடுக்க முடியும்னு வீரர்களையே நம்பவச்சது இதுதான். 1987-88 லீக்கில் மிலான் 30 ஆட்டத்தில் வாங்கின கோல் 14. மால்டினிக்கு அப்போ 19 வயசு.

நீங்க செய்யும்போது நாலு பின்கள வீரர், ஒரு கீப்பர், எதிரே எட்டுப் பேர் வச்சு ஆரம்பிங்க. பாதி மைதானம் போதும். கோடு எப்போ ஏறணும், எப்போ இறங்கணும்ங்கறதுக்கு ஒரே விதி. பந்து வச்சிருக்கறவன் முகத்துக்கு எதிரே நம்ம ஆள் இருந்தா, அல்லது அவன் நமக்கு முதுகு காட்டினா, பந்து மூடியிருக்கு. கோடு ஏறலாம், குறைஞ்சது நிக்கலாம். அவன் தலையைத் தூக்கிட்டான், முன்னால யாரும் இல்லை, கால் பின்னால போகுதுன்னா பந்து திறந்திருக்கு. உடனே இறங்கணும், அவன் அடிக்கறதுக்கு முன்னாலயே. எதிரணி பின்பக்கமா பாஸ் போட்டா, பந்து காற்றிலோ தரையிலோ போகிற நேரம் முழுக்க ஏறும் நேரம். அடுத்தவன் பந்தைத் தொட்டதும் நின்னு மறுபடி பார்க்கணும்.

பக்கத்துப் பக்கத்து ஆளுக்கு நடுவுல எட்டுலேர்ந்து பத்து மீட்டர். பந்து வலது பக்கம் இருந்தா நம்ம லெஃப்ட் பேக் கோட்டோரம் நிக்கக்கூடாது, கோல் கம்பத்தோட நேர்க்கோடு வரைக்கும் உள்ள வரணும்.

எங்க தப்பு நடக்கும்? பத்துக்கு எட்டு முறை தூரத்து ஃபுல் பேக்தான் (பந்து இல்லாத பக்கத்து ஓரப் பின்கள வீரன்). பந்து மறுபக்கம் இருக்குன்னு அவன் மெதுவா நடப்பான், மூணு பேர் ஏறிடுவாங்க, இவன் ரெண்டு மீட்டர் பின்னால. மொத்த எதிரணியும் ஆன்சைடு. அதனால குரல் கொடுக்கிற வேலை ஒருத்தருக்குத்தான். மிலானில் அது பரேசி. ஒரே சொல்லா இருக்கணும்: "ஏறு", "நில்", "இறங்கு". வாக்கியமா கத்தினா கேட்டு முடிக்கறதுக்குள்ள பந்து போயிடும்.

நடுவரிசை:

சாக்கி காலத்து ஆஃப்சைடு பொறியை (பின்வரிசை சேர்ந்து ஏறி எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைப்பதை) இன்று அப்படியே நகலெடுக்க வேண்டாம். 1990ல் சமக்கோட்டில் நிற்பவன் ஆன்சைடு என்று விதி மாறியது. 1992ல் சக வீரன் காலால் தரும் பாஸைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று வந்தது. ஆட்டத்தில் ஈடுபடாமல் ஆஃப்சைடில் நிற்பவனுக்காக விசில் ஊதுவதும் பின்னாளில் குறைந்துவிட்டது. ஆகவே கையைத் தூக்கிவிட்டு நிற்கிற பின்கள வீரன் இன்று கோல் வாங்குவான். ஏறும்போதே ஒரு தோள் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். நேருக்கு நேர் நின்று ஏறினால் திரும்பவே ஒரு நொடி போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மால்டினியை 2002ல் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா மிலானுக்கு வந்த பிறகுதான் சென்டர் பேக் ஆக்கினார்கள், வயதானதால் உள்ளே கொண்டுவந்தார்கள், அதனால்தான் நீண்ட நாள் ஆடினார்.

கடைசிக்கோடு:

நடுவரிசை, ஆஃப்சைடு பற்றிச் சொன்னது சரி. ஆனால் சென்டர் பேக் கதை அப்படி இல்லை, காலத்தைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும்.

1994 மே 18, ஏதென்ஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பரேசி, கோஸ்டகுர்தா இருவருக்கும் தடை. நடுவில் ஃபிலிப்போ கல்லியோடு மால்டினி. இடது பக்கம் பனுச்சி, அவரும் வலது கால்காரர் என்பதைக் கவனியுங்கள். எதிரே பார்சிலோனாவின் ரொமாரியோ, ஸ்டாய்ச்கோவ். முடிவு 4-0. மால்டினிக்கு அப்போது 25 வயதுதான். அடுத்த மாதமே உலகக் கோப்பையில் நார்வே ஆட்டத்தில் பரேசி காயமடைந்தபோது நடுவுக்கு வந்தார். பசடீனா இறுதியாட்டத்தில் பரேசியோடு நடுவில் தொடங்கி, முஸ்ஸி வெளியேறியதும் அதே ஆட்டத்தில் லெஃப்ட் பேக்குக்குப் போனார்.

மறுபக்கமும் பாருங்கள். 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் நெஸ்டாவோடு நடுவில். 2005 இஸ்தான்புல்லில் நெஸ்டாவும் ஸ்டாமும் நடுவில், மால்டினி லெஃப்ட் பேக், வயது 36. 2007 ஏதென்ஸில் மறுபடி நடுவில். எந்த வயதிலும் இரண்டு இடமும் கைவசம் இருந்தது. வயதானதும் இடம் மாற்றி ஆளைக் காப்பாற்றினார்கள் என்று பையன்களுக்குச் சொன்னால் தப்பான பாடம் போகும். 25 வயதிலேயே இரண்டையும் ஆடப் பழகியவர்தான் 38 வயதில் இரண்டையும் ஆடினார்.

நடுவரிசை:

ஏதென்ஸ் 94 ஆட்டத்தை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2002க்குப் பிறகு நடுவில் ஆடிய ஆட்டங்கள் கூடின என்பது மாறாது.

மாற்றம் எதில் என்பதற்கு என் பதில்: ஃபுல் பேக்குக்குப் பக்கக்கோடு ஒரு கூடுதல் காவலாளி. விங்கரை அதற்குள் தள்ளினால் போதும். நடுவில் அப்படி எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் திறந்த வெளி. ஃபுல் பேக் ஏமாந்தால் பின்னால் சென்டர் பேக் இருக்கிறான். சென்டர் பேக் ஏமாந்தால் கீப்பர்தான். அதனால் "எப்போது பாய்வது" என்ற கணக்கே வேறு.

முதுகு காட்டி நிற்கும் ஃபார்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அவன் உங்கள் மேல் சாய்ந்து சுழல்வான், உங்கள் எடையையே திருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்வான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சாவகாசமாகத் திரும்புவான். பந்து பாஸ் போடுகிறவன் காலைவிட்டுப் புறப்பட்ட பிறகு, அதுவும் பின்னால் துணைக்கு ஆள் இருந்தால் மட்டும், முன்னால் புகுந்து பறிக்கலாம். பந்து புறப்படும் முன்பே புகுந்தால் அவன் பின்பக்கம் ஓடிவிடுவான். இந்த அரை நொடிதான் சென்டர் பேக் வேலை. மால்டினி, நெஸ்டா இருவரும் தரையில் விழாமல் இத்தனை பந்து எடுத்தது இந்த அரை நொடியால்.

ஒருவர் முன்னால் போனால் மற்றவர் உடனே மூன்று நான்கு மீட்டர் சாய்வாகப் பின்னால் வர வேண்டும். இருவரும் சேர்ந்து போவதுதான் பள்ளி ஆட்டங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை.

இடதுகோடு:

அருமை, இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை. இடையில் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு தேர்ந்தவர் 2002 உலகக் கோப்பையில் கொரியாவுக்கு எதிராக அந்தத் தலையடி கோலை எப்படி விட்டார்? பசங்களுக்கு வீடியோ போட்டால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

சான்சீரோ88:

கேக்கட்டும், நல்ல பாடம் அது. 2002 ஜூன் 18, தேஜான். நெஸ்டாவுக்குக் காயம், கன்னவாரோவுக்குத் தடை. மால்டினி யூலியானோவோட நடுவுல. டோட்டி வெளியேத்தப்பட்டு இத்தாலி பத்துப் பேர். 117ஆவது நிமிஷம் லீ யங்-பியோ இடது பக்கத்திலிருந்து கிராஸ் போடறார், அன் ஜங்-ஹ்வான் மால்டினிக்கு மேல எழும்பி அடிக்கறார். அப்போ கோல்டன் கோல் விதி, கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிச்சவங்களுக்கு வெற்றி, ஆட்டம் அங்கேயே முடிஞ்சது. நாட்டுக்காக அவர் ஆடின 126ஆவது, கடைசி ஆட்டம்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. உயரத்தில் மால்டினிதான் பெரியவர், 1.86 மீட்டர். ஆனா அன் அசைவோட எழும்பறார், இவர் கிட்டத்தட்ட நின்ன இடத்திலேர்ந்து. தலையடில உயரத்தைவிட யார் ஓட்டத்தோட வர்றாங்கங்கறதுதான் பெரிசு. பந்துக்கு நேர் கீழ போய் நின்னுட்டா அங்கேர்ந்து நேரா மேலதான் குதிக்க முடியும். ஒண்ணரை அடி பின்னால நின்னு, கடைசி ரெண்டு எட்டு முன்னால வச்சு, ஒத்தக் கால்ல உந்தி எழும்பணும்.

ரெண்டாவது, உடம்பு நிக்கற கோணம். கிராஸ் வரும்போது பந்தையும் ஆளையும் ஒரே பார்வைல பார்க்கிற மாதிரி பாதி திரும்பி நிக்கணும். பந்தை மட்டும் பார்த்தா ஆள் முதுகுக்குப் பின்னால போயிடுவான். பார்க்க முடியலேன்னா ஒரு கையை நீட்டி அவன் எங்கங்கறதைத் தொட்டு வச்சுக்கணும். பிடிக்கக்கூடாது, தொடறது மட்டும். பெனால்டி ஏரியால சட்டையைப் பிடிக்கிற பழக்கத்தை 14 வயசுலயே நிறுத்திடுங்க.

பயிற்சிக்கு: ரெண்டு பேர், ஒரு கிராஸ் போடறவன். பின்கள வீரன் முதல்ல ஆளைப் பார்க்கணும், "இடம்"னு கத்தணும், அப்புறம் பந்து. ஒரு பக்கம் எட்டுப் பந்து போதும். தலையடிப் பயிற்சியை இந்த வயசுல அதிகம் வைக்காதீங்க. பாதிப் பந்தைக் கையால எறிஞ்சு, நிக்கற இடத்தையும் கால் எட்டையும் மட்டும் பழக்குங்க.

117ஆவது நிமிஷம்கறதையும் மறக்காதீங்க. களைச்ச கால் முதல்ல விடறது அந்தக் கடைசி ரெண்டு எட்டைத்தான்.

தசைநார்:

களைப்பு பற்றிய பேச்சு வந்ததால் மூன்றாவது கேள்விக்கு என் பங்கு. விளையாட்டு உடலியக்கம் என் துறை.

கணக்கு முதலில்: மிலானுக்காக 902 ஆட்டங்கள், அதில் சீரி ஆ (இத்தாலிய முதல்நிலை லீக்) மட்டும் 647. கடைசி ஆட்டம் 2009 மே 31, ஃபியோரெந்தினாவுக்கு எதிராக, 41ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு. இடையில் காயமே இல்லாமல் ஆடினார் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் அவருக்கு நெடுநாள் தொல்லை. 2007 இறுதியாட்டத்தை முடித்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார்.

மூன்று காரணங்களைப் பார்க்கிறேன். மேலே நண்பர்கள் சொன்னதுதான் முதலாவது: சரியான இடத்தில் நிற்பவனுக்கு முழு வேக ஓட்டமும் தரையில் சறுக்குவதும் குறைகின்றன. தொடைப் பின்தசை கிழிவது பெரும்பாலும் முழு வேக ஓட்டத்தில்தான். ஒரு ஆட்டத்துக்கு நான்கைந்து அவசர ஓட்டம் மிச்சமானால், ஒரு பருவத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். மற்றொன்று, மிலான் கிளப் 2002ல் ஜான்-பியேர் மேர்ஸ்மான் தலைமையில் மிலான் லேப் என்ற மருத்துவ, உடற்தகுதிப் பிரிவைத் தொடங்கியது. ஒவ்வொரு வீரரின் சோதனை முடிவுகளையும் தொடர்ந்து பதிந்து, காயம் வருவதற்கு முன்பே சுமையைக் குறைப்பது நோக்கம். மால்டினி, கோஸ்டகுர்தா, கஃபூ போன்றவர்கள் முப்பதுகளின் பிற்பாதியிலும் ஆடியது அங்கேதான். கடைசியாக, அவரே ஆட்ட எண்ணிக்கை குறைவதை ஏற்றுக்கொண்டார். கடைசிப் பருவங்களில் எல்லா ஆட்டத்திலும் இறங்கவில்லை.

உங்கள் அணியிடம் ஆய்வகம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் 20 நிமிடம்தான்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலை, கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டம். கருவி எதுவும் தேவையில்லை. வாரம் இரண்டு முறையாவது முழுமையாகச் செய்தால்தான் பலன். பெரும்பாலான அணிகள் நடுவில் உள்ள அந்த 10 நிமிடத்தைத்தான் வெட்டிவிடுகின்றன. காயத்தைத் தடுக்கும் பகுதியே அதுதான்.

பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி. முழங்காலில் நின்று, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, முடிந்தவரை தாங்கிக் கடைசியில் கையை ஊன்றுவது. முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் 8 முதல் 10. முதல் நாளிலேயே 3 சுற்று கொடுத்தால் மறுநாள் பையன் படியிறங்க முடியாமல் தவிப்பான், அதோடு அந்தப் பயிற்சியையே வெறுத்துவிடுவான். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். இடுப்பை மடக்கிக்கொண்டு விழுந்தால் பின்தசைக்கு வேலையே இல்லை, அதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துங்கள்.

இன்னொன்று. வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு மேட்டில் வலி என்று பையன் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாதீர்கள். வேகமாக வளரும் மாதங்களில் அது வருவதுண்டு. குதிப்பையும் ஓட்டத்தையும் குறைத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாட்களில் நிற்கும் இடம், குரல் கொடுப்பது, இடது கால் பாஸ் இவற்றை நடந்தபடியே பழகலாம்.

இடதுகோடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு பையன் தடுப்பதில் கெட்டி, நிற்கும் இடம் சரி, ஆனால் இடது காலால் கிராஸ் மட்டும் வரவே இல்லை. பருவம் தொடங்க ஆறு வாரம்தான். அவனை எடுக்கலாமா?

கடைசிக்கோடு:

தயங்காமல் எடுங்கள். லெஃப்ட் பேக்கின் முதல் வேலை தடுப்பது. ஆறு வாரத்தில் ஓடிக்கொண்டே இடது காலால் கிராஸ் போடவைக்க முயன்றால் முன்பு சொன்ன மறிப்பு, வாங்கல், நேர்ப் பாஸ் மூன்றும் கெடும்.

அவன் முன்னால் நிற்கும் லெஃப்ட் விங்கரை இடது கால்காரனாகத் தேர்ந்தெடுத்து, கோட்டை ஒட்டி அகலமாக நிற்கச் சொல்லுங்கள். உங்கள் லெஃப்ட் பேக் அவனுக்கு வெளியே ஓடாமல் உள்பக்கமாக ஓடட்டும். அங்கே பந்து வந்தால் வலது கால்தான் வேலை செய்யும்: உள்ளே நடுவரிசைக்குப் பாஸ், அல்லது தூரத்துக் கம்பத்தை நோக்கி உள்வளைந்து வரும் கிராஸ். கோட்டோரத்தில் மாட்டிக்கொண்டால் இடது காலால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பின்னால் நிற்கும் ஆளுக்குத் தரையோடு எட்டுப் பத்து மீட்டர் பாஸ். அதை ஆறு வாரத்தில் எந்தப் பையனும் கற்றுக்கொள்வான்.

அவன் உள்ளே ஓடும்போதெல்லாம் பின்னால் இடது மூலை காலியாகும். இடது சென்டர் பேக் அந்தப் பக்கம் சாய வேண்டும், நடுவரிசையில் ஒருவர் பின்வரிசைக்கு முன்னாலேயே நிற்க வேண்டும், ரைட் பேக் அந்த நேரத்தில் ஏறக் கூடாது. இந்த மூன்று பேரிடமும் முதல் பயிற்சி நாளிலேயே சொல்லிவிடுங்கள், லெஃப்ட் பேக்கிடம் மட்டும் சொன்னால் போதாது.